வாரா வாரம் கோட்டை ஏறியவள்

பூங்குழலி சென்னைக்குப் படிக்கப் போய்ச் சொன்ன முதல் பொய் இரண்டே வார்த்தைதான். "வாரா வாரம், மேடம்." இதில் மேடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது மரியாதைக்காக.

அதற்கு முந்தைய வாரங்களில் அவள் பொய்யே சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை. பி.காம். முதலாண்டு வகுப்பில் எல்லாருக்கும் பேசத் துணை இருந்தது, இவளுக்கு மட்டும் ஜன்னல் இருந்தது. கணக்குப் பதிவியல் மேடம் இங்கிலீஷில் ஆரம்பித்து இங்கிலீஷிலேயே முடிப்பார். நடுவில் வரும் "புரியுதா" மட்டும் தமிழ். அதற்கு எல்லாரும் தலையாட்டும்போது இவளும் ஆட்டிவைத்தாள்.

ஹாஸ்டலுக்கு வந்த முதல் நாள், கல்லூரி முழுவதற்கும் பொதுவான மெஸ்ஸில் "இன்னா கொழம்பு இது?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் தன் தோழியிடம் "இன்னா" என்று திருப்பிச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்பக் கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு பூங்குழலி குழம்பைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டாள். எது ஊற்றினாலும் சாப்பிட்டாள். கை கழுவும் குழாய்க்குப் பக்கத்து மேசையில் தண்ணீர் தெறிக்கும் என்று யாரும் உட்கார மாட்டார்கள். அது அவளுக்கென்றே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளாம்பாக்கத்துக்கு ஓடி, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, செஞ்சியில் இறங்கி, மாமா தங்கராஜின் ஷேர் ஆட்டோவில் சிங்கவரம் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது திண்டிவனம் வரைக்கும் அழுவாள். அதற்கப்புறம் டிராஃபிக்கில் தூக்கம் வந்துவிடும். இந்த மாதத்தோடு போதும், டி.சி. வாங்கிவிடலாம் என்று முடிவே செய்திருந்தாள். அப்பாவிடம், அதாவது நைனாவிடம், எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

அந்த ஜூலையில்தான் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ் மேடம் செய்தித்தாளோடு வகுப்புக்கு வந்தார்.

"இங்க செஞ்சிக்காரங்க யாராவது இருக்கீங்களா?"

பூங்குழலி எழுந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அத்தனை பேருக்கும் முகம் உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கோட்டை மேல ஏறியிருக்கியாம்மா?"

உண்மை என்னவென்றால் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. செஞ்சியைச் சுற்றியிருக்கிற ஊர்ப் பெண்கள் கோட்டைக்குப் போக மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் சரித்திரம் பார்க்க வருவார்கள், தாராளமாக வரட்டும். உள்ளூர்ப் பெண் ஏறினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் ஊருக்குத் தெரியும். ஜோடியாகப் போனாளா, தனியாகப் போனாளா, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாளா என்பதெல்லாம் அப்புறம். "அவள கோட்டையில பாத்தேன்" என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், மீதியை ஊரே இட்டு நிரப்பிக்கொள்ளும். அவளுடைய அம்மா ரஞ்சிதம் இந்த விஷயத்தில் மகா கறார். பள்ளிக்கூடத்தில் கோட்டைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னபோது, "அன்னிக்கு உனக்கு ஜொரம்" என்று நான்கு நாள் முன்னதாகவே சொல்லிவிட்டாள்.

ஆனால் மேலே என்ன இருக்கிறது என்று கதை சொல்ல ரஞ்சிதத்துக்கு அலுத்ததே கிடையாது. மற்ற பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள் என்றால், பூங்குழலிக்குக் கோட்டை மலையான ராஜகிரி. ஏறுகிற வழியில் ஒரு பாறைக்குப் பின்னால் சுனை இருக்கிறது, அக்கினி நட்சத்திரத்திலும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், ஒரு வாய் வாங்கு. உச்சியில் மணிக்கல் என்று ஒரு கல் இருக்கிறது, தட்டினால் வெண்கலப் பானை மாதிரி சத்தம் கேட்கும், இன்னொரு வாய். இடிந்த சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் பார்த்தால் நம்ம ஊர் ஏரி தெரியும், கடைசி வாய். அம்மா இட்டுக்கட்டுகிறாள் என்றுதான் பூங்குழலி நினைத்திருந்தாள். சோறு இறங்குவதற்காக எந்த அம்மாவும் எதையும் சொல்வாள்.

ஆக, "ஏறியிருக்கேன்" என்று சொல்லியிருந்தாலே போதும், அது ஒரு சாதாரணப் பொய்யாக முடிந்திருக்கும். வாரா வாரம் என்று ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் தமிழினி தட்டை எடுத்துக்கொண்டு குழாய் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஈரோட்டுப் பக்கத்துக்காரி, இவளுக்கு எதிர் அறை. "அந்தக் கோட்டையப் பத்திச் சொல்லு" என்றாள். பூங்குழலி சுனையைச் சொன்னாள். மறுநாள் மணிக்கல்லைச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் மேசையில் தூத்துக்குடி விமல்ராஜ் சேர்ந்தான். எதைக் கேட்டாலும் "அப்படியா" என்று வாயைப் பிளக்கிற நல்ல மனசு, கனத்த உடம்பு. பிறகு ஆதவன் வந்தான். அவன் சென்னைக்காரன், எதையும் போனில் படம் எடுத்தால்தான் நம்புகிறவன். அம்மா சொன்ன மூன்று கதையும் தீர்ந்துபோனதும், "அங்க இருக்கிற கொரங்குக்கெல்லாம் என்னைத் தெரியும்" என்று பூங்குழலி சொந்தமாகவும் ஒன்று சேர்த்துவிட்டாள். அவளுக்குக் "கோட்டை" என்றே பெயர் விழுந்தது. தீபாவளி வருவதற்குள் டி.சி. ஞாபகம் போய்விட்டது. வாரா வாரம் ஊருக்குப் போவதும் நின்றுவிட்டது. மெஸ்ஸில் மறுபடி "இன்னா கொழம்பு?" என்று கேட்க ஆரம்பித்தாள். இப்போது விமல்ராஜும் அப்படித்தான் கேட்டான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஆதவன் சொன்னான். "பொங்கல் லீவுல உங்க ஊருக்கு வர்றோம். நீ சொன்னதையெல்லாம் வீடியோ எடுக்கணும்."

"வெயிலா இருக்கும்" என்றாள் பூங்குழலி.

"ஜனவரியிலயா?"

அவள் அடுத்த சாக்கைத் தேடுவதற்குள் அவர்கள் பஸ்ஸுக்கு முன்பதிவும் செய்துவிட்டார்கள்.

பூங்குழலி எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தாள். கோட்டைக்குப் போகாவிட்டால் அவள் புளுகுணி என்பது தெரிந்துவிடும், இரண்டாம் செமஸ்டருக்குக் குழாய் மேசை காத்திருக்கிறது. போனாலோ, இரண்டு பையன்களோடு அவள் மலையேறுவதைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டே பார்க்கும். நைனா தாண்டவராயன் அவளைக் கல்லூரியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரே வாக்கியம் சொல்லியிருந்தார். "ஒரு பேச்சு எங்காதுல வுழுந்துச்சு, அன்னிக்கே பொட்டிய கட்டிக்கினு வந்துடணும்." அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசியதை மாற்றுகிறவரும் அல்ல. உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்றும் பார்த்தாள். அவர்கள் வீட்டில் அதற்கு முன்மாதிரியே இருக்கிறது. ரஞ்சிதம் அந்தக் காலத்தில் அரசுக் கல்லூரியில் ஒரு வருடம் படித்தவள். மஞ்சள்காமாலை வந்து, அத்தோடு படிப்பு நின்றுபோயிற்று. "உங்கம்மா மாரி ஒடம்ப கெடுத்துக்காத" என்று நைனா போனில் இப்போதும் சொல்வார்.

மாட்டுப் பொங்கலன்று ரஞ்சிதம் தொழுவத்தில் பசுவின் கொம்புக்கு நீல பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். பூங்குழலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ம்மா, ஞாயித்துக்கெழம என் ஃப்ரெண்ட்ஸுங்க வராங்க."

"வரட்டும். எத்தினி பேரு?"

"மூணு பேரு. ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க."

பிரஷ் நின்றது. "எதுக்கு?"

"கோட்டைக்கு." பிறகு, ஒளித்து வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மிச்சத்தையும் சொன்னாள். "நீ சொன்ன கதையெல்லாம் நான் பாத்ததா சொல்லிட்டேன். வாரா வாரம் ஏறுவேன்னு சொல்லிட்டேன்."

அம்மா டப்பாவைப் பிடுங்கி எறிவாள் என்று எதிர்பார்த்தாள். ரஞ்சிதம் எறியவில்லை. மறு கொம்பையும் நுனி வரைக்கும் நிதானமாக அடித்து முடித்தாள்.

"கதையெல்லாம் நெனப்பு வெச்சிருக்கியா நீ?" என்றாள்.

"வெச்சிருக்கேன்."

"சரி. நாங்களும் வரோம். உங்க நைனாவையும் இட்டுக்கினு போலாம். சோறு கட்டிக்கினு குடும்பமா போனா எவளாலயும் ஒண்ணும் பேச முடியாது."

அன்று சாப்பிடும்போது நைனாவிடம் விஷயம் சொல்லப்பட்டது. அவர் கரும்பைக் கடிப்பதை நிறுத்தினார்.

"கோட்டைக்கா? அங்க இன்னா இருக்குது?"

"கல்லு இருக்குது. வெள்ளன கெளம்பணும்" என்றாள் ரஞ்சிதம். அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லையே, விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜ் மாமா எல்லாரையும் ஷேர் ஆட்டோவில் திணித்துக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டார். நைனா வெள்ளை வேட்டி கட்டிக் குடை கொண்டுவந்திருந்தார். ரஞ்சிதம் புளிச்சோற்றுத் தூக்கோடு வந்திருந்தாள். "டிக்கெட் எங்க வாங்கணும்?" என்று பூங்குழலி தமிழினியிடம் கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தமிழினி கவுண்டர் பக்கம் கையைக் காட்டினாள்.

வாசலுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் ஜெயக்கொடி வெள்ளரிப்பிஞ்சு விற்கிறாள். அவளுக்கு முன்னால் அவளுடைய அம்மா அதே இடத்தில் விற்றாள். வெள்ளரிப்பிஞ்சு ஒரு சாக்கு என்றுதான் சொல்ல வேண்டும். யார் யாரோடு ஏறினார், யார் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினார் என்பதுதான் அந்தக் கடையின் நிஜமான சரக்கு, அதை அவள் காசு வாங்காமலே கொடுப்பாள். பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடப் பார்த்தாள். ரஞ்சிதம் நேரே அவள் எதிரில் போய் நின்றாள்.

"பிஞ்சு குடு ஜெயக்கொடி. இவ எம் பொண்ணு, மெட்ராஸ்ல காலேஜ் படிக்கிறா. இவங்க மூணு பேரும் அவகூடப் படிக்கிறவங்க. இவரு எங்க வூட்டுக்காரரு."

"உங்க வூட்டுக்காரரத் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சாலும் சொல்லி வெக்கிறேன்" என்றாள் ரஞ்சிதம்.

ஜெயக்கொடி பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தூவினாள். குடும்பத்தோடு வருகிறவர்களிடம் அவளுக்கு வேலை இல்லை. முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

ஏற ஆரம்பித்தார்கள். வழி காட்ட வேண்டியவள் பூங்குழலி என்பதால் எல்லாரும் அவளுக்கு இடம் விட்டு நின்றார்கள். அவள் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் ரஞ்சிதம் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். படி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நைனா நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ரஞ்சிதம் நிற்கவே இல்லை, வலது பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். உடைந்த படி வந்தபோது காலைத் தூக்கி வைத்தாள், பிறகுதான் "பாத்து வாங்க, ஒடஞ்சிருக்குது" என்றாள். பூங்குழலி இதைக் கவனித்தாள். கவனித்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாதி வழிகூட ஆகவில்லை, ஒரு குரங்கு வந்து பூங்குழலியின் கையிலிருந்த வெள்ளரிப்பிஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"உன்னைத் தெரியும்னு சொன்னியே" என்றான் ஆதவன், போனை இறக்காமல்.

"தெரிஞ்சதாலதான் புடுங்குது. தெரியாதவங்ககிட்ட புடுங்குமா?"

ஆதவன் இதை யோசித்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஏறியதும் விமல்ராஜ் ஒரு படியில் தொப்பென்று உட்கார்ந்தான். முகம் தக்காளியாகச் சிவந்து, மூச்சு இரைத்தது. "நீங்க போங்க, நான் இங்கனயே இருக்கேன்" என்றான். ரஞ்சிதம் திரும்பி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்துப் பூங்குழலி பார்த்ததில்லை.

"எல்லா செட்டுலயும் ஒருத்தன் இப்படி வந்துடுவான் போல" என்றாள் ரஞ்சிதம். "தம்பி, இன்னும் பத்து படி வா. நெழலு இருக்குது, தண்ணியும் இருக்குது."

பத்துப் படி தாண்டியதும் ஆதவன் கேட்டான். "கோட்டை, அந்தச் சுனை எங்க?"

பூங்குழலி சுற்றிலும் பார்த்தாள். மலை பூராவும் பாறை. எந்தப் பாறைக்குப் பின்னால் என்று காட்டுவாள்? கையைத் தூக்கிப் பொதுவாக ஒரு திசையைக் காட்டினாள். அந்தக் கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் காற்றில் தயங்கியபோது, பின்னாலிருந்து ரஞ்சிதம் சொன்னாள்.

"அதான், அந்தச் சப்பட்டைப் பாறைக்குப் பின்னால. குனிஞ்சு பாக்கணும். நின்னா தெரியாது."

குனிந்தார்கள். இருந்தது. பாறைப் பிளவுக்குள் ஒரு அண்டா அளவு தண்ணீர், இருட்டாக, அசையாமல். நைனா கையை விட்டு அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அக்கினி நட்சத்திரத்தில் எப்படியோ, ஜனவரியில் பல் கூசியது. பூங்குழலி மட்டும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இட்டுக்கட்டவில்லை. அம்மா பார்த்ததைத்தான் சொல்லிச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்துக் கேட்டார்.

"ரஞ்சிதம், இது இங்க இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ரஞ்சிதத்தின் கை தூக்கின் மூடி மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பூங்குழலிக்குத் தெரியும். வகுப்பே திரும்பிப் பார்க்க, வாயில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் நின்றாளே, அப்போது அவளுக்கு இருந்த முகம்.

"நான்தான் சொன்னேன் நைனா" என்றாள் பூங்குழலி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலேஜ்ல சொல்லித் தந்தாங்க. யுனெஸ்கோ வந்துதில்ல, அதுலருந்து எங்களுக்கு இதுதான் பாடம். அம்மாகிட்ட தெனமும் போன்ல சொல்லுவேன்."

படியில் உட்கார்ந்திருந்த விமல்ராஜ் உதவி செய்ய நினைத்தான். நல்ல மனசுக்காரர்களால் வருகிற ஆபத்து இதுதான். "ஆமா அங்கிள், இவ வாரா வாரம் இங்க வந்து..."

தமிழினி அவன் காலை மிதித்தாள். "வாரா வாரம் இங்க வந்துட்டுப் போறவ மாதிரி சொல்லுவாங்கப்பா" என்றாள் நைனாவிடம். "கிளாஸ்ல எல்லாரும் இவகிட்டத்தான் கேப்போம். கோட்டைன்னுதான் கூப்பிடுவோம்."

நைனா மகளை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பெருமைதான். அதைக் காட்டுவதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. "நல்லா படி" என்று மட்டும் சொன்னார். பிறகு குடையை விரித்து விமல்ராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இதற்கு மேல் ஏற அவருக்கும் விருப்பமில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. தம்பிக்குத் தொணைக்கு நான் இருக்கேன்" என்றார்.

மற்ற நான்கு பேரும் ஏறினார்கள். ரஞ்சிதமும் ஆதவனும் முன்னால். தமிழினி பூங்குழலியோடு பின்தங்கினாள்.

"நீ ஏறினதே இல்லைதானே?" என்றாள் தமிழினி, வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

பூங்குழலி இன்னும் நான்கு படி ஏறினாள். "டிக்கெட் எங்கன்னு கேட்டனே, அதுலயா?"

"ஆகஸ்ட்லயே தெரியும். வாரா வாரம் மலை ஏறுறவ ஹாஸ்டல் ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட்டுக்கு நிக்க மாட்டா."

"அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டிருந்தா மறுபடி குழாய்கிட்டப் போய் உக்காந்திருப்ப" என்றாள் தமிழினி. "எனக்கும் அங்க வேற ஆள் இல்ல."

ஆறு மாதமாகக் கட்டிக் காத்த பொய் இவ்வளவுதான். பூங்குழலிக்கு அழுகை வரும்போலிருந்தது. ஏறும்போது அழுதால் மூச்சு முட்டும் என்பதால் அழவில்லை.

உச்சியில் மணிக்கல்லும் இருந்தது. ரஞ்சிதம் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தட்டினாள், வெண்கலப் பானைச் சத்தம் கேட்டது. ஆதவன் வீடியோ எடுத்தான், தானும் தட்டிப் பார்த்தான், "சரி" என்றான். அவன் அகராதியில் அது பெரிய பாராட்டு. அவனும் தமிழினியும் அங்கே கிடந்த பழைய பீரங்கியைப் பார்க்கப் போனார்கள்.

ரஞ்சிதம் இடிந்த சுவரில் இருந்த ஜன்னலுக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். பூங்குழலி பக்கத்தில் உட்கார்ந்தாள். வயலும் தோப்பும் தாண்டி, சிங்கவரம் ஏரி வெயிலில் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி தெரிந்தது.

"எப்பம்மா வந்த?"

"காலேஜ் மொத வருசம். கிளாஸ் புள்ளைங்க ஏழு பேரு. நாலு பொண்ணு, மூணு பையன். எலுமிச்சஞ்சோறு கட்டிக்கினு வந்தோம். இந்த எடத்துலதான் சாப்ட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? எறங்கினோம். கீழ ஜெயக்கொடியும் அவங்கம்மாவும் பிஞ்சு வித்துக்கினு இருந்தாங்க. நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிடுச்சு. ஏழு பேருன்னு போவல. ஒருத்தனோடன்னு போயிருந்துச்சு."

பூங்குழலிக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்ப மஞ்சக்காமாலை?"

"அது எங்க நைனா ஊருக்குச் சொன்னது. நாலு பேரு பாக்கணுமேன்னு கீழாநெல்லி அரைச்சுத் தெனமும் வாசல்ல ஒக்கார வெச்சுக் குடுத்தாங்க. குடிச்சேன்." ரஞ்சிதம் அந்தக் கசப்பு இன்னும் இருக்கிற மாதிரி உதட்டைத் துடைத்தாள். "வராத காமாலை எப்பப் போவும்? ரெண்டு மாசம் குடிச்சேன்."

"அந்த ஒருத்தன் யாரும்மா?"

"எவன கண்டாங்க? கீழருந்து எங்கூட ஏறுனவன சொல்லியிருப்பாங்க. அவன் பாதியிலியே மூச்சு வாங்கி ஒக்காந்துட்டான், உங்க விமலு மாரி. மேல வரவே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "எம் பேரு கெட்டது கெட்டுச்சு, அவன் மேலயாச்சும் வந்து பாத்திருக்கலாம்."

பூங்குழலிக்குக் கோபம் வந்தது. வெள்ளரிப்பிஞ்சின் மேல், கீழாநெல்லியின் மேல், பார்த்தே இராத தாத்தாவின் மேல். கடைசியில் தன் மேலேயே வந்தது. அம்மா ஆயுசுக்கும் ஒரே ஒரு நாள் ஏறியதை, இவள் ஹாஸ்டலில் உட்கார்ந்து வாரா வாரம் செலவழித்திருக்கிறாள்.

"நைனாகிட்ட சொல்லேன்" என்றாள்.

"சொன்னா இப்ப இன்னா பண்ணப் போறாரு? ஆனா கேட்டுக்கினே இருப்பாரு. நெல்லு அறுக்கும்போது கேப்பாரு, சோத்துல கை வெக்கும்போது கேப்பாரு. நீ சொன்னதே இருந்துட்டுப் போவட்டும்."

ஆக அந்தப் பொய்யை இனி விடவும் முடியாது. போகட்டும் என்று பூங்குழலிக்குத் தோன்றியது. இந்தத் தடவை அது தனக்காகச் சொன்னது இல்லை.

ரஞ்சிதம் ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டாவது வருசத்துல இன்னா சொல்லித் தருவாங்க?"

"தெரியலம்மா. போனதும் சொல்றேன்."

"சொல்லு" என்றாள் ரஞ்சிதம். எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

அவர்கள் சுனைக்கு இறங்கி வந்தபோது புளிச்சோற்றில் பாதி குரங்குகளுக்குப் போயிருந்தது. நைனாவும் விமல்ராஜும் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. விமல்ராஜின் அப்பா வாழை போட்டிருக்கிறார், போன வருடக் காற்றில் பாதி சாய்ந்துவிட்டது என்பது வரைக்கும் நைனாவுக்குத் தெரிந்திருந்தது. "நம்ம பையன்தான்" என்று மனைவியிடம் சொன்னார். மிச்சச் சோற்றை எல்லாருமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள்.

கோட்டை வாசலில் ஜெயக்கொடி கூடையை மூடிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் ஆதவனின் போனை வாங்கி அவளிடம் நீட்டினாள்.

"ஒரு போட்டோ எடு ஜெயக்கொடி."

"எனக்கு எங்க தெரியும் இதெல்லாம்?"

"பாக்கத் தெரியுதில்ல? அது போதும். தம்பி, எங்க அமுக்கணும்னு காட்டு."

ஆதவன் காட்டினான். ரஞ்சிதம் எல்லாரையும் வரிசைப்படுத்தினாள். நைனாவைக் குடையோடு ஓரத்தில் நிறுத்தினாள், அவருக்கு அடுத்துத் தமிழினி, பூங்குழலி. பிறகு இரண்டு பையன்களையும் விலகி நிற்கச் சொல்லி, நடுவில் தான் போய் நின்றாள். பின்னால் ராஜகிரி நின்றது.

"எல்லாரும் தெரியறோமா?"

"தெரியறீங்க."

"எத்தினி பேரு?"

ஜெயக்கொடி போனிலிருந்து கண்ணை எடுத்தாள். ரஞ்சிதத்தைப் பார்த்தாள். ரஞ்சிதமும் அவளைப் பார்த்தாள், சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை, விலை கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவள் மாதிரி. ஜெயக்கொடி மறுபடி போனுக்குள் பார்த்து எண்ணினாள்.

"ஆறு பேரு."

"நல்லா எண்ணிக்கோ" என்றாள் ரஞ்சிதம். "அப்புறம் ஒருத்தன்னு சொல்லிடப் போற."

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பூங்குழலி பக்கத்தில் நின்ற விமல்ராஜின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயக்கொடி அமுக்கினாள். பழக்கமில்லாத கை, படம் கொஞ்சம் கலங்கித்தான் வந்திருந்தது. ஆனால் ஆறு பேரும் இருந்தார்கள்.